ஆறு மாதம் பிந்தி வந்த சீசன்

கல்முனையில் மூன்று பேர் ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடக்கிற கோல்ப் போட்டிகளைப் பற்றி விவாதித்த காலம் ஒன்று இருந்தது. எழுபதுகளின் கடைசியில் தொடங்கி எண்பதுகளின் நடுவில் அது ஓய்ந்தது. அந்த மூவரில் நானும் ஒருவன். எங்களில் இருவர் அந்த விளையாட்டை அதுவரை கண்ணால் கண்டதில்லை.

கண்டவர் ஓவசியர். நீர்ப்பாசன இலாகாவில் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து பென்ஷன் எடுத்தவர். அவருக்கு இருபத்துச் சொச்சம் வயதாக இருந்தபோது கல்லோயா அணைக்கட்டு வேலைக்குப் போனார். அங்கே வந்திருந்த அமெரிக்க எஞ்சினியர்களில் ஒருவர், மாலையில் வேலை முடிந்ததும் துப்புரவாக்கிய வெளியில் பால் டின்களை மண்ணில் புதைத்து, அவற்றுக்குள் பந்தை அடித்து விழுத்துவாராம். மட்டைப் பையைத் தூக்குவதும் இலுக்கம்புல்லுக்குள் போன பந்தைத் தேடுவதும் எங்கள் ஓவசியரின் வேலை. அணை கட்டி முடிந்து அந்த மனிதர் ஊருக்குப் போன பிறகும் கடிதத் தொடர்பு விடவில்லை. வருடத்துக்கு ஒருதரம், தான் வாசித்து முடித்த கோல்ப் சஞ்சிகைகளைக் கட்டிக் கப்பல் தபாலில் அனுப்புவார். பொதி கல்முனைக்கு வந்து சேரும்போது அங்கே சீசன் முடிந்து ஐந்தாறு மாதமாகியிருக்கும்.

ஓவசியர் ஆங்கிலம் கதைப்பார். வேலைத்தளத்தில் பிடித்த ஆங்கிலம். வாசிப்பது கஷ்டம். அதனால்தான் பொதி என்னிடம் வந்தது. நான் அப்போது வாசிகசாலையில் உதவியாளராக இருந்தேன். பத்திரிகைகளை மேசையில் பரப்புவது, புத்தகங்களுக்கு இலக்கமிடுவது, மாலையில் கதவைப் பூட்டுவது ஆகியவை என் கடமைகள். இவற்றோடு அமெரிக்க சஞ்சிகையைத் தமிழில் சொல்லுவதும் சேர்ந்துகொண்டது.

மூன்றாமவர் பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருகிற கணித ஆசிரியர். நாங்கள் அவரை மாஸ்டர் என்போம். அவர் முதலில் பத்திரிகை பார்க்கத்தான் வந்தார். நான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் தன் நாற்காலியை எங்கள் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு அதைத் திருப்பி வைக்கவே இல்லை.

ஒரு சீசனில் பெரிய போட்டிகள் நாலு. ஒவ்வொன்றும் நாலு நாள் நடக்கும். ஒவ்வொரு நாளும் பதினெட்டுக் குழி. மொத்தத்தில் ஆகக் குறைந்த அடிகளில் முடித்தவன் வெல்லுவான். இதற்கு மேல் அந்த விளையாட்டைப் பற்றி எங்களுக்கு அதிகம் தெரிய வேண்டியிருக்கவில்லை. எங்கள் விளையாட்டு ஊகம் சொல்வது. பொதியின் முதல் இதழ் சீசனுக்கு முன்பு வெளியானது. யார் வெல்லக்கூடும் என்று அவர்களுடைய எழுத்தாளர்கள் அதில் எழுதியிருப்பார்கள். அதை வாசித்து முடித்ததும் நாங்களும் சொல்லுவோம். சொன்னதை ஒரு தாளில் எழுதிவைத்த பிறகே அடுத்த இதழைப் பிரிக்கலாம். ஒரு கிழமைக்கு ஓர் இதழ். மிகுதிப் பொதி என் அலுமாரிக்குள் கட்டியபடி இருக்கும். அதைப் பூட்டுகிற திறப்பு என்னிடம். ரேடியோவில் கிரிக்கெட்டும் உதைபந்தும் சொல்லுவார்கள். கோல்ப் முடிவை யாரும் சொன்னதில்லை. ஆகவே அமெரிக்காவில் பழசாகிப் போன சீசன் எங்களுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாக நடந்தது.

வீரர்களின் பெயர்கள் எங்கள் வாயில் நிற்கவில்லை. படத்தைப் பார்த்து நாங்களே பெயர் வைத்தோம். செம்பட்டையன், நெடுவல், கட்டையன், கிழவன். கிழவனுக்கு நாற்பத்தைந்து வயதுதான். இளைஞர்களுக்கு நடுவில் அவர் கிழவனாகத் தெரிந்தார்.

மாஸ்டர் கணக்கால் ஊகம் சொல்லுவார். ஒவ்வொருவருடைய அடிகளையும் கூட்டி, பிரித்து, சராசரி எடுத்து, மாணவர்களின் பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் நிரல் போட்டுக்கொண்டு வருவார். ஓவசியர் படத்தைத்தான் பார்ப்பார். ஆள் நிற்கிற நிலையைப் பார்த்து, "இவன்ட கால் சரியில்ல. இவன் காத்துக்கு நிக்கமாட்டான்" என்பார். நான் சஞ்சிகை சொன்னதையே திருப்பிச் சொல்லுவேன். மூன்று பேருடைய ஊகமும் பெரும்பாலும் பிழையாகவே போனது.

ஆரம்பத்தில் பிழையாகச் சொன்னவர் மற்ற இருவருக்கும் பிளேன்டீ வாங்கித்தர வேண்டும் என்று வைத்திருந்தோம். பள்ளிவாசல் மௌலவி ஒருநாள் பத்திரிகை பார்க்க வந்தபோது அதைக் கேட்டுவிட்டார். "ஊகம் சொல்றது உங்கட விருப்பம். தேத்தண்ணி வெச்சாப் பந்தயம். அத விடுங்க" என்றார். விட்டோம். அதற்குப் பிறகு அவரவர் தேநீரை அவரவர் குடித்தோம். விவாதம் முன்னையைவிடக் கூடியது.

நாலாவது பொதி வந்த மாரிமழைக் காலத்தில் என் மூத்த சகோதரியான ராத்தாவின் கணவர் சவூதியிலிருந்து இரண்டு மாத விடுமுறையில் வந்தார். எண்ணெய்க் கம்பனி ஒன்றில் ஒப்பிஸ் வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். போய் மூன்று வருடமாகி வந்த முதல் விடுமுறை அது. உறவினர் வீடுகளுக்கெல்லாம் போய் முடித்து, மழையில் வேறெங்கும் போக வழியில்லாமல், ஒரு சனிக்கிழமை மச்சான் என்னோடு வாசிகசாலைக்கு வந்தார். கையில் தங்க நிற மணிக்கூடு, பளபளக்கும் சட்டை. மூலையில் உட்கார்ந்து, நாங்கள் சொல்வதையெல்லாம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சீசனின் முதல் பெரிய போட்டிக்கு ஊகம் சொல்லும் நாள். மாஸ்டர் நெடுவல் என்றார். ஓவசியர் கிழவன் என்றார். அவர் அந்த வருடம் நாலு போட்டிக்கும் கிழவனையே சொல்வதென்று முடிவு செய்திருந்தார்.

"நானும் ஒண்டு சொல்லட்டா காக்கா?" என்று கேட்டார் மச்சான். ஓவசியரை ஊரில் எல்லோரும் அண்ணன் முறையில் காக்கா என்பார்கள்.

"சொல்லுங்க தம்பி. இதுக்குக் காசா கேக்கிறம்?" என்றார் ஓவசியர்.

மச்சான் மேசைக்கு வந்து படங்களைப் பார்த்தார். "இந்தச் செம்பட்டத் தலையன்" என்று விரலை வைத்தார்.

அடுத்த கிழமை இதழைப் பிரித்தேன். செம்பட்டையன்தான் வென்றிருந்தான். முதல்தரம் எல்லோரும் சிரித்தோம். புதிதாக வந்தவருக்கு அதிர்ஷ்டம் என்றார் மாஸ்டர். இரண்டாவது போட்டிக்கு மச்சான் கட்டையன் என்றார். கட்டையனை நாங்கள் ஒருவரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. சஞ்சிகையும் எடுக்கவில்லை. கட்டையன் வென்றான். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் எங்கள் மேசையைச் சுற்றி ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள். கோல்ப் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் மச்சானைப் பார்க்க வந்தார்கள். சந்தையில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர், தன் மனைவிக்கு என்ன குழந்தை பிறக்கும் என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். மச்சான் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் அவர் நடையில் ஒரு நிமிர்வு வந்திருந்தது.

மூன்றாவது போட்டி நெடுவலுக்கு என்றார். அதுவும் சரியாக வந்தது.

அன்று ஓவசியர் இதழை மூடிவைத்தார். சுற்றி நின்றவர்கள் போன பிறகு, "தம்பி, அலுமாரித் திறப்பு ஆருட்ட இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"என்னட்டத்தான் காக்கா."

"வேற ஆருட்டயும் இல்லயா?"

"இல்ல."

"அப்ப சரி" என்றார். எழுந்து அலுமாரியண்டை போனார். நான் திறந்துவிட்டேன். பொதியை எடுத்துக் கயிற்றின் முடிச்சை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். மாஸ்டர் தன் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்த பிறகும் தலையை நிமிர்த்தவில்லை. பொதியைத் துவாயில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இனி இது என்ட ஊட்ட இருக்கட்டும். கிழமைக்கு ஒண்டா நானே கொண்டாறன்" என்று சொல்லிவிட்டு ஓவசியர் மழையில் இறங்கிப் போனார்.

அவர் என்னைக் கள்வன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். நாலு வருடம் என்னை நம்பித் தந்த பொதி அது. ஒருதரம்கூட முன்கூட்டிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. அதைத் தோன்றாமல் வைத்திருந்ததற்காக என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கிழமை முழுதும் புத்தகங்களுக்குப் பிழையான இலக்கம் போட்டேன்.

அடுத்த நாள் ராத்தா வீட்டுக்குப் போனேன். மச்சான் குளித்துக்கொண்டிருந்தார். ராத்தா குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தா. நடந்ததைச் சொன்னேன். அவவுடைய கை நின்றது.

"மச்சான் எப்படிச் சரியாச் சொல்றார்? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்" என்றா ராத்தா. "அவர் வேல செய்யிற கம்பனிக்குள்ள இந்த வெளையாட்டு வெளையாடுற இடம் இருக்காம். அங்க வெள்ளக்காரனுகள் குந்திக் கதைக்கிற கிளப்பொண்டு. அதிலதான் அவருக்கு வேல. ஆரு வெண்ட, ஆரு தோத்த எல்லாம் அங்கயே கேட்டுப்போட்டுத்தான் வந்திருக்கார்."

"கிளப்பில என்ன வேலை?"

ராத்தா உரலை மறுபடி பிடித்து அழுத்தினா. "தேத்தண்ணி குடுக்கிறது. கோப்ப கழுவுறது. வாப்பாக்கும் உம்மாக்கும் ஒப்பிஸ் எண்டுதான் சொல்லியிருக்கம். நீ இத வெளியில கதைச்சா அதுவும் வெளியில வரும். இன்னும் மூணு கிழமைல போற மனிசன். உட்டிரு."

அப்போது மச்சான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"முதல் நாள் சும்மா பகிடிக்குத்தான் சொன்ன நான் மச்சான்" என்றார். "மறுகா எல்லாரும் என்ட வாயப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அங்க மூணு வருசமா அவனுகள் கதைக்கிறத்தக் கேட்டுக்கிட்டு நிக்கன். அடுத்ததரம் ஆரு வெல்லுவான் எண்டு மேசைக்கு மேசை கேப்பானுகள். நானும் மனசுக்குள்ள சொல்லிப் பாப்பன். எத்தினையோ தரம் சரியா வந்திருக்கு. ஒருத்தனும் நீ என்ன நினைக்காய் எண்டு என்னட்டக் கேக்கல்ல."

"இப்ப என்னக் கள்ளன் எண்டு நினைக்காங்க."

"நாலாவதுக்குப் பிழையாச் சொல்லிர்ரன். சரியா?"

அதனால் என்ன தீரும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குக் கோபம் இருந்தது. அவர் மேல் இருந்ததா, ஓவசியர் மேல் இருந்ததா என்பது தெளிவாக இல்லை.

நாலாவது போட்டிக்கு ஊகம் சொல்லும் நாளில் ஓவசியர் ஒரே ஓர் இதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மாஸ்டர் நெடுவல் என்றார். ஓவசியர் நாலாம்தரமும் கிழவன் என்றார். பத்துப் பதினைந்து பேர் மச்சானைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு படங்களைப் பார்த்தார். அவருடைய விரல் கட்டையன் பக்கம் போவதைக் கண்டேன். கூட்டத்தில் ஒருவர், "இவர் சொன்னாச் சொன்னதுதான்" என்றார். விரல் நகர்ந்து செம்பட்டையனில் போய் நின்றது.

அடுத்த சனிக்கிழமை மழை விட்டிருந்தது. வாசிகசாலையில் நிற்க இடமில்லை. ஓவசியர் கடைசி இதழை என் முன் வைத்தார். கடைசி நாள் ஆட்டத்தைப் பற்றிய கட்டுரை மூன்று பக்கம். நான் வசனம் வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். செம்பட்டையன் முன்னால் போகிறான். கிழவன் பின்னால் வருகிறார். பதினாலாம் குழியில் சமமாகிறார்கள். பதினேழில் கிழவன் முந்துகிறார். கடைசிக் குழியில் பந்தை விழுத்தி, இரண்டு அடி வித்தியாசத்தில் முடிக்கிறார். அந்தப் பக்கத்தின் அடியில் தொப்பியைத் தூக்கிக் காட்டுகிற படம். அதோடு பக்கம் முடிந்தது.

ஓவசியர் எழுந்தேவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பு கண்டதில்லை. "நான் சொல்லல்லயா? அவன்ட காலப் பாருங்க, அவன்ட கால!" என்று படத்தை எல்லோருக்கும் காட்டினார். பிறகு மச்சான் பக்கம் திரும்பி, "என்ன தம்பி, இந்தத்தரம் உங்கட சாத்திரம் பிழைச்சுப் போச்சு" என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

மச்சானின் முகம் கறுத்தது.

"பொறுங்க காக்கா. அடுத்த பக்கத்த வாசிக்கச் சொல்லுங்க" என்றார். "கப் செம்பட்டையனுக்குத்தான். கிழவன் கணக்குக் கடுதாசில கையெழுத்துப் போட்டதுக்குப் பொறகு தானே போய்ப் பிழையச் சொல்லிக் குடுத்துக்கிட்டான். ஆருக்கும் தெரியாத பிழை. வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா கப் அவனுக்குத்தான்."

கூட்டம் மேசைக்குக் கிட்ட நெருங்கியது. அடுத்த பக்கம் என் விரலுக்குக் கீழே இன்னும் மூடியபடி இருந்தது. பொதி இரண்டு கிழமையாக ஓவசியரின் வீட்டில் இருந்ததென்பது மேசையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"வாசியுங்க தம்பி" என்றார் ஓவசியர்.

பக்கத்தைத் திருப்பி வாசித்தேன். அந்த விளையாட்டில் ஒருவருடைய அடிகளை அவரோடு சேர்ந்து விளையாடுபவர்தான் கணக்குக் கடுதாசியில் எழுதுவார். ஆட்டம் முடிந்ததும் விளையாடியவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். கிழவன் ஒரு குழியை ஐந்து அடியில் முடித்திருந்தார். மற்றவர் அதை நாலு என்று எழுதிவிட்டார். கிழவன் பார்க்காமல் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார். உடுப்பு மாற்றும் அறையில் சப்பாத்தைக் கழற்றும்போது நினைவுவந்து, தானே திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கிறார். உள்ளதைவிடக் குறைந்த கணக்கில் கையெழுத்திட்டால் போட்டியிலிருந்து நீக்கம். சட்டம் அப்படி. கப் செம்பட்டையனுக்குப் போனது. மச்சான் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

வாசித்து முடித்ததும் ஓவசியர் மச்சானைக் கேட்டார். "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மச்சான் தன் மணிக்கூட்டைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். "நான் வேல செய்யிற இடத்தில கோல்ப் வெளையாடுறாங்க காக்கா. அங்க கிளப்பில தேத்தண்ணி குடுக்கிற நான். அவனுகள் கதைக்கிறது காதில விழும். நாலும் எனக்கு முந்தியே தெரியும். இவனுக்கு இதில ஒண்டும் இல்ல." கடைசி வசனத்தைச் சொல்லும்போது என்னைக் காட்டினார்.

இனி என்ன நடக்கும் என்று நான் காத்திருந்தேன். ஓவசியர் சத்தம் போடுவார், அல்லது எழுந்து போவார், அல்லது என்னிடம் ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன். ஓவசியர் தன் நாற்காலியை மச்சானுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"பாலைவனத்திலயா வெளையாடுறாங்க? புல்லுக்கு என்ன செய்யிற?"

"புல்லு இல்ல காக்கா. முழுக்க மணல். குழியச் சுத்தி எண்ணெய ஊத்தி இறுக்கி வெச்சிருக்காங்க. பந்து அதில சிமிந்தில உருள்ற மாதிரி உருளும். அடிக்கிறதுக்கு மட்டும் சின்னப் புல்லுப் பாய் ஒண்டக் கையோட கொண்டு போவானுகள்."

"குழி எதால? டின்னா?"

"டின்தான் காக்கா."

ஓவசியர் தன் தொடையில் தட்டினார். இருவரும் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை கதைத்தார்கள். ஊகத்தில் அதிசயம் இல்லை என்று தெரிந்ததும் கூட்டம் கலைந்துபோனது. நான் நாற்காலிகளை அடுக்கினேன். சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்த மாஸ்டர் மட்டும் என்னிடம் வந்தார். "நானும் உங்களச் சந்தேகப்பட்டுட்டன். கணக்கு அப்பிடித்தான் வந்தது. மனசில வெச்சுக்கொள்ளாதீங்க" என்றார். ஓவசியர் ஒருபோதும் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த வருடப் பொதி வந்தபோது தபாற்கந்தோரிலிருந்து நேரே என் மேசைக்குக் கொண்டுவந்து வைத்தார். அதை நான் மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன். அவர் அப்படி நினைத்து வைத்தாரா என்பது தெரியாது.

தேத்தண்ணி விஷயம் இரண்டு நாளில் வாப்பாவின் காதுக்குப் போனது. வாப்பா ஒன்றும் கேட்கவில்லை. மச்சான் பயணம் போகும் நாளில் முதல்தரம் போலவே அவரைக் கட்டிப்பிடித்து அனுப்பிவைத்தார். ராத்தாதான் என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. நான் வாயே திறக்கவில்லை என்று சொன்னதை அவ நம்பவில்லை.

கிழவனைப் பற்றிய விவாதம் அந்தச் சீசன் முடிந்தும் ஓயவில்லை. சட்டம் சட்டம்தான் என்றார் மாஸ்டர். மற்றவன் எழுதிய பிழைக்கு இவன் ஏன் தண்டனை பெறவேண்டும் என்று நான் கேட்டேன். ஓவசியர் இரண்டு பக்கமும் சேரவில்லை. "அவன் தோத்திட்டான். அதில கதை இல்ல. ஆனா நான் ஆளப் பிழையாச் சொல்லல்ல" என்பார். அதையே எத்தனை தரம் கேட்டாலும் சொல்லுவார்.

பிறகு பொதிகள் நின்றுவிட்டன. அமெரிக்காவில் அந்த மனிதருக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. ஓவசியர் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. அதே காலத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பகை மூண்டதால் பாண்டிருப்புக்கும் எங்களுக்கும் இடையில் ஆட்கள் போய்வருவதும் குறைந்தது. மாஸ்டர் ஒருநாள் வந்து, தான் எடுத்த புத்தகங்களைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார். இடமாற்றம் எடுத்து மட்டக்களப்புக்குப் போய்விட்டதாகப் பின்னர் கேள்விப்பட்டேன்.

மச்சான் அடுத்த விடுமுறையில் டீவியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்தார். அவற்றோடு ஒரு கசெட். கிளப்பில் ஒரு வெள்ளைக்காரரிடம் கேட்டு வாங்கிய கோல்ப் போட்டி. ஓவசியரை அழைத்துவரும்படி என்னிடம் சொன்னார். ஒரு ஞாயிறு பகல் மச்சானும் ஓவசியரும் நானும் ராத்தா வீட்டு முன்னறையில் உட்கார்ந்தோம். ராத்தா எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தா.

திரையில் செம்பட்டையனும் நெடுவலும் நடந்து வந்தார்கள். பிறகு கிழவன். ஓவசியர் முன்னுக்குச் சாய்ந்து பார்த்தார். கிழவன் மெல்ல நடந்தார், அடிக்கடி மூக்கைத் துடைத்தார், பந்தை அடிப்பதற்கு முன் நெடுநேரம் நின்றார். பத்து நிமிடம் போனது.

"இவன்தானா?" என்றார் ஓவசியர்.

"இவன்தான் காக்கா."

"படத்தில இன்னும் உசரமாத் தெரிஞ்சான்" என்றார். பின்னுக்குச் சாய்ந்து தேநீரைக் குடித்தார். அவருக்கு அலுப்பாக இருப்பது தெரிந்தது. மச்சானுக்கும் தெரிந்தது. நிறுத்தட்டுமா என்று கேட்க வாயெடுத்த நேரம், கிழவனின் பந்து மணல் பள்ளம் ஒன்றுக்குள் போய் விழுந்தது. அவர் உள்ளே இறங்கினார். கால்களை மணலில் புதைத்து நின்றார். ஒரு வீச்சில் மணல் பூப்போல எழும்பியது. பந்து அதற்குள்ளிருந்து மெதுவாக வந்து குழிக்குப் பக்கத்தில் விழுந்து நின்றது.

ஓவசியர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இத மட்டும் இன்னொருக்காப் போடுங்க தம்பி" என்றார்.

மச்சான் கசெட்டைப் பின்னுக்குச் சுற்றிப் போட்டார். அந்த ஒரு அடியை ஓவசியர் நாலுதரம் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, ளுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.